தொழில் தொடங்கும் எண்ணம் ரத்தத்தில் வருவதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நாடுகளுக்கிடையிலான தொழில்முனைவு ஒப்பீடு வெளியாகும்போதெல்லாம் பத்திரிகைகளில் ஒரே விளக்கம் திரும்பத் திரும்ப வருகிறது. இந்த இனத்தாருக்கு வியாபாரம் ரத்தத்தில் ஊறியது, அந்த நாட்டாருக்கு மாதச் சம்பளம்தான் சரிப்படும், அவர்கள் பண்பாடு அப்படி என்று எழுதிவிடுகிறார்கள். தொழில்முனைவு ஆய்விலும் பயிற்சியிலும் இருக்கும் எங்களுக்கு இதைப் படிக்கும்போது கவலையாக இருக்கிறது. விளக்கம் தவறு என்பதோடு விஷயம் முடிந்துவிட்டால் பரவாயில்லை. இதை நம்பித் திட்டம் போடுகிறவர்கள், மாற்ற முடிந்தவற்றை விட்டுவிட்டு எளிதில் மாறாத ஒன்றோடு மல்லுக்கு நிற்கிறார்கள். அதில்தான் பணமும் காலமும் வீணாகின்றன.

முதலில் அந்த ரத்தக் கணக்கைப் பார்த்துவிடுவோம். பெற்றோர் சொந்தத் தொழில் செய்தால் பிள்ளைகளும் செய்ய வாய்ப்பு அதிகம் என்பது உண்மைதான். அது பிறப்பால் வருகிறதா, வளர்ப்பால் வருகிறதா என்று பிரித்தறிய ஸ்வீடனில் தத்துப் பிள்ளைகளின் பதிவுகளை ஆராய்ந்தார்கள். 2015-ல் வெளியான அந்த ஆய்வின்படி, தொழில் செய்யும் பெற்றோர் இருந்தால் பிள்ளைகள் தொழிலுக்கு வரும் வாய்ப்பு சுமார் 60 சதவீதம் கூடுகிறது. பெற்றவர்களின் தாக்கமும் வளர்த்தவர்களின் தாக்கமும் இரண்டுமே தெரிகின்றன. ஆனால் பிறந்த பிறகு கிடைத்ததன் பங்கு, பிறப்போடு வந்ததன் பங்கைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. பக்கத்தில் இருந்து பார்த்ததுதான் பெரும்பகுதி.

அடுத்து, தலைப்புச் செய்தியாகிற எண் எப்படிக் கிடைக்கிறது என்பது. இந்த வகை ஒப்பீடுகளில் அதிகம் மேற்கோள் காட்டப்படுவது 1999-ல் தொடங்கிய உலகத் தொழில்முனைவுக் கண்காணிப்பு ஆய்வு. ஒவ்வொரு நாட்டிலும் 18 முதல் 64 வயது வரையுள்ள குறைந்தது 2,000 பேரிடம் கேள்வி கேட்கிறார்கள். அடுத்த 3 ஆண்டுகளுக்குள் தொழில் தொடங்க நினைக்கிறவர்கள் எத்தனை சதவீதம் என்பதுதான் ‘எண்ணம்’ என்ற அளவு. ஏற்கெனவே தொழிலில் எந்தக் கட்டத்திலாவது இருப்பவர்களை இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. பலரும் கவனிக்காமல் விடுகிற இடம் இது. தொடங்க நினைத்தவர்களெல்லாம் தொடங்கிவிட்ட ஊரில், மிச்சமிருப்பவர்களின் எண்ணம் குறைவாகத்தான் தெரியும். அதைப் பார்த்து அங்கே ஊக்கமில்லை என்று எழுதினால் தலைகீழாக எழுதியதாகும்.

தோல்விப் பயம் என்று வெளியாகும் சதவீதத்திலும் இதே சிக்கல் உண்டு. நல்ல வாய்ப்பு இருக்கிறது, ஆனாலும் தோற்றுவிடுவோமோ என்று தொடங்கமாட்டேன் என்பவர்களின் அளவு அது. வாய்ப்பே கண்ணில் படாதவர்கள் அதில் வருவதில்லை. வாய்ப்பு இல்லை என்று எல்லாரும் சோர்ந்துபோன நாட்டில், பயம் குறைந்திருப்பது போன்ற தோற்றம்கூட ஏற்படலாம். பொதுவாக வருமானம் குறைந்த நாடுகளில் எண்ணம் அதிகமாகவும், வருமானம் கூடிய நாடுகளில் குறைவாகவும் பதிவாகிறது. நிரந்தர வேலை கிடைக்காத இடத்தில் சொந்தத் தொழில் என்பது பிழைப்புக்கான வழி. அதைத் துணிச்சல் என்றோ பண்பாடு என்றோ பெயர் சூட்டுவது அந்த மனிதர்களுக்குச் செய்யும் நியாயமாகாது.

சரி, எண்ணம் எதனால்தான் உருவாகிறது? உளவியலாளர் ஐசெக் அய்சன் 1991-ல் விரிவாக முன்வைத்த திட்டமிட்ட நடத்தைக் கோட்பாடு மூன்று ஊற்றுகளைச் சொல்கிறது. தொழில் செய்வது எனக்கு நல்லதா, பிடித்திருக்கிறதா என்ற மனப்பாங்கு ஒன்று. எனக்கு வேண்டியவர்கள் இதை ஏற்பார்களா என்ற சுற்றத்தின் எதிர்பார்ப்பு இரண்டாவது. இதைச் செய்ய என்னால் முடியுமா என்ற சுயகணிப்பு மூன்றாவது. இதற்கு முன்பே 1982-ல் ஷபேரோவும் சொகோலும், விருப்பம், சாத்தியம் என்ற இரண்டோடு ஒரு தள்ளுதலும் வேண்டும் என்றார்கள். வேலை போவது, இடம் பெயர்வது, பதவி உயர்வு கைநழுவுவது போன்ற ஏதோ ஒன்று பழைய பாதையை உடைத்தால்தான் மனிதர் புதிய பாதையை யோசிக்கிறார். பெரியவர்களைப் பொறுத்தவரை இந்தத் தள்ளுதலுக்கு ஆய்வாளர்கள் கொடுத்த இடம் போதாது என்பது எங்கள் கருத்து.

மாணவர்களை அல்லாமல் பெரியவர்களை வைத்து, எண்ணத்தோடு நிறுத்தாமல் ஒரு வருடம் கழித்தும் பின்தொடர்ந்த ஆய்வுகள் குறைவு. ஆஸ்திரியாவிலும் பின்லாந்திலும் 2011, 2012 ஆண்டுகளில் 969 பேரிடம் நடந்த ஆய்வு அவற்றில் முக்கியமானது. மேற்சொன்ன மூன்று ஊற்றுகளும் சேர்ந்து, ஆளுக்கு ஆள் எண்ணத்தில் உள்ள வேறுபாட்டின் 59 சதவீதத்தை விளக்கின. எண்ணமும் சுயகணிப்பும் சேர்ந்து, அடுத்த ஆண்டு உண்மையில் எடுத்த நடவடிக்கையின் வேறுபாட்டில் 31 சதவீதத்தை விளக்கின. முதல் எண்ணுக்கும் இரண்டாம் எண்ணுக்கும் நடுவிலுள்ள பள்ளத்தில்தான் பெரும்பாலான பயிற்சித் திட்டங்கள் விழுகின்றன. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறோம்.

பண்பாடு மாறினால் இந்த மூன்றும் மாறுமா? ஜெர்மனி, இந்தியா, ஈரான், போலந்து, ஸ்பெயின், நெதர்லாந்து ஆகிய 6 நாடுகளின் 1,074 மாணவர்களைக் கொண்டு 2012-ல் வெளியான ஆய்வு தெளிவான விடை தருகிறது. மனப்பாங்கும் சுயகணிப்பும் எல்லா நாட்டிலும் எண்ணத்தோடு இணைந்தே நிற்கின்றன. நாட்டுக்கு நாடு மாறுபட்டது சுற்றத்தின் எதிர்பார்ப்பு மட்டும்தான். மூன்றில் அதுவே பலவீனமாகவும் இருந்தது. ஸ்பெயினிலும் தைவானிலும் 519 பேரைக் கேட்ட லின்யான், சென் இருவரின் 2009 ஆய்வில், சுற்றத்தின் பேச்சு எண்ணத்தை நேராகத் தொடவில்லை. மற்ற இரண்டையும் மாற்றி, அவற்றின் வழியாகத்தான் வேலை செய்தது.

இதைப் பார்த்துக் குடும்பம் முக்கியமில்லை என்று முடிவுகட்டுவது அவசரம். குடும்பத்தின் ஒப்புதல் என்பது வெறும் ஒப்புதல் அல்ல. பல சமூகங்களில் முதல் முதலீடு, சம்பளமில்லாத உழைப்பு, கடனுக்குப் பிணை, விழுந்தால் தங்க இடம் எல்லாமே அந்த ஒரே வாசலில்தான் இருக்கின்றன. வீட்டார் ‘வேண்டாம்’ என்றதும் மனம் நோவதைவிட, கையில் இருந்த நான்கு வழிகள் ஒரே நேரத்தில் அடைபடுவதுதான் கனமான அடி. அது ‘என்னால் முடியாது’ என்ற கணிப்பாக வினாத்தாளில் பதிவாகிறது. வங்கியும் அரசுக் காப்பீடும் அந்த நான்கில் பெரும்பாலானவற்றைத் தருகிற சமூகத்தில் அதே ‘வேண்டாம்’ ஒரு அபிப்பிராயமாகவே நின்றுவிடும். பண்பாட்டு வேறுபாடு என்று நாம் சொல்வதில் பாதி இதுதான் என்று நினைக்கிறோம்.

அளக்கும் முறையும் இந்த வேறுபாட்டை மறைக்கிறது. ஒரு கணக்கைப் பாருங்கள். நெருங்கிய குடும்பம், நண்பர்கள், உடன் வேலை செய்பவர்கள் என்று மூன்று தரப்பாரைப் பற்றிக் கேட்கிறோம். அவர்கள் எதிர்ப்பார்களா, ஆதரிப்பார்களா என்பதற்கு -3 முதல் +3 வரை மதிப்பெண். அவர்கள் கருத்தை நீங்கள் எவ்வளவு மதிக்கிறீர்கள் என்பதற்கு 1 முதல் 7 வரை. இரண்டையும் பெருக்கிக் கூட்ட வேண்டும். முதலாமவருக்குக் குடும்பம் -3, மதிப்பு 7, ஆக -21. நண்பர்கள் +2, மதிப்பு 6, ஆக +12. அலுவலகத்தார் +1, மதிப்பு 3, ஆக +3. கூட்டினால் -6. இரண்டாமவருக்குக் குடும்பம் -1, மதிப்பு 7, ஆக -7. நண்பர்கள் 0. அலுவலகத்தார் +1, மதிப்பு 1, ஆக +1. அவருக்கும் -6. முதலாமவர் இரண்டு பக்கமும் இழுக்கப்பட்டுத் தூக்கமில்லாமல் இருப்பவர். இரண்டாமவரைச் சுற்றி யாருக்கும் இதில் பெரிதாக அக்கறை இல்லை. அட்டவணையில் இருவரும் ஒரே ஆள். ஆகவே மூன்று தரப்பையும் கூட்டாமல் தனித்தனியாக வெளியிட வேண்டும். வாழ்க்கைத்துணை, பெற்றோர், மாமனார் மாமியார் ஆகியோரையும் ‘குடும்பம்’ என்ற ஒரே பெட்டிக்குள் அடைக்காமல் பிரித்துக் கேட்பது இன்னும் நல்லது. திருமணமான பெரியவரிடம் இந்த மூன்று பதிலும் ஒன்றாக இருப்பது அபூர்வம்.

நாட்டின் சராசரியை எடுத்துத் தனிமனிதர் மேல் ஒட்டுவது இன்னொரு பழைய பிழை. பண்பாட்டு ஆய்வாளர் ஹாஃப்ஸ்டெடின் புகழ்பெற்ற பண்பாட்டு அளவுகள் 1967 முதல் 1973 வரை ஐபிஎம் என்ற ஒரே நிறுவனத்தின் ஊழியர்களிடம் திரட்டிய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வினாத்தாள்களிலிருந்து பிறந்தவை. நாடுகளை ஒப்பிட உதவும் அளவு அது. எதிரில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்மணியோ இளைஞரோ ஆபத்துக்கு அஞ்சுவாரா என்பதை அது சொல்லாது. நாட்டு மட்டத்தில்கூட உறவு நிலையானதல்ல. நிச்சயமின்மையை விரும்பாத நாடுகளில் சொந்தத் தொழில் குறைவாக இருக்கும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். ஆனால் 21 வளர்ந்த நாடுகளை 1976 முதல் 2004 வரை ஆராய்ந்தபோது, தொடக்க ஆண்டுகளில் அப்படிப்பட்ட நாடுகளில்தான் சொந்தத் தொழில் அதிகமாக இருந்தது. விதிமுறைகளால் இறுகிப்போன பெரிய நிறுவனங்களில் மூச்சுவிட முடியாதவர்கள் வெளியேறித் தொழில் தொடங்கியிருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் தரும் விளக்கம். பின்னாட்களில் அந்த உறவு மங்கிப்போனது. பண்பாடு அதே, விளைவு வேறு. 2010-ல் 40 நாடுகளை ஒப்பிட்ட இன்னொரு ஆய்வில், போட்டியைப் போற்றும் பண்பாட்டைவிட ஒருவருக்கொருவர் உதவிக்கொள்ளும் பழக்கமுள்ள பண்பாடுதான் புதுத் தொழில்களோடு தெளிவாக இணைந்திருந்தது. தனித்து நிற்கும் வீரனைப் பற்றிய கட்டுரைகளுக்கு இது பொருந்தாது.

பண்பாடு என்று தோன்றுவது சில நேரம் வெறும் சட்டம்தான். தொழில் நொடித்தால் கடன் எத்தனை ஆண்டு துரத்தும் என்பது நாட்டுக்கு நாடு வேறு. ஐரோப்பா, வட அமெரிக்காவைச் சேர்ந்த 15 நாடுகளை 1990 முதல் 2005 வரை பார்த்த ஆய்வு, திவால் சட்டம் மன்னிக்கும் தன்மையோடு இருந்தால் சுயதொழில் கூடுகிறது என்று காட்டியது. நேர்மையாக நொடித்த தொழில்முனைவோருக்கு அதிகபட்சம் 3 ஆண்டுகளில் கடனிலிருந்து விடுதலை கிடைக்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2019-ல் உத்தரவு போட்டது. பிரான்ஸ் 2002-ல் செய்தது இன்னும் நேரடியானது. வேலையில்லாதவர் தொழில் தொடங்கித் தோற்றால், விட்டுவந்த உதவித்தொகை உரிமையைத் திரும்பப் பெறலாம் என்று விதியை மாற்றினார்கள். புதிய நிறுவனங்கள் பெருகின. தரம் குறைந்த தொழில்கள் புகுந்துவிடும் என்ற அச்சம் பலிக்கவில்லை. பிரெஞ்சுக்காரர்களின் பண்பாடு அதற்குள் மாறிவிட்டதா என்ன?

வயதைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்தத் துறையின் ஆய்வுகளில் பெரும்பகுதி கல்லூரி மாணவர்களை வைத்துத்தான் நடக்கிறது. வகுப்பறையில் கிடைப்பவர்கள் அவர்கள் என்பதைத் தவிர அதற்கு வேறு நல்ல காரணம் இல்லை. அமெரிக்காவில் மிக வேகமாக வளர்ந்த ஆயிரத்தில் ஒன்று என்ற தரத்திலுள்ள புது நிறுவனங்களின் நிறுவனர்கள், தொடங்கும்போது சராசரியாக 45 வயதில் இருந்தார்கள். 20 வயதில் ‘தொடங்குவேன்’ என்பவருக்கு இழக்க ஒன்றுமில்லை. 40 வயதில் அதையே சொல்பவர் வீட்டுக் கடன், பிள்ளைகளின் படிப்பு, பெற்றோரின் மருத்துவம் எல்லாவற்றையும் மனத்தில் கூட்டிக் கழித்துவிட்டுத்தான் சொல்கிறார். இருவர் பதிலும் 7-க்கு 5 என்றால், அந்த இரண்டு 5-உம் ஒன்றல்ல.

நாடுகளை ஒப்பிட வினாத்தாள் தயாரிப்பவர்களுக்குச் சில வேலைகள் தவிர்க்க முடியாதவை. கேள்விகளை இறுதி செய்யும் முன் ஒவ்வொரு நாட்டிலும் பத்துப் பதினைந்து பேரிடம் படிக்கக் கொடுத்து, படிக்கும்போது மனத்தில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லச் சொல்ல வேண்டும். ‘தொழில்’ என்றதும் ஒருவர் நிறுவனத்தையும் இன்னொருவர் தனியாளாகச் செய்யும் வேலையையும் நினைத்தால் அங்கேயே ஒப்பீடு முறிந்துவிடும். பதிலளிக்கும் பழக்கமும் வேறுபடும். 1 முதல் 7 வரையுள்ள அளவில் சில சமூகத்தார் ஓரங்களைத் தொடமாட்டார்கள். சிலர் தயங்காமல் 7 போடுவார்கள். ஒரே உறுதி ஓரிடத்தில் 5 ஆகவும் இன்னோரிடத்தில் 7 ஆகவும் பதிவாகும். இதற்காகத்தான் அளவுச் சமநிலைச் சோதனை இருக்கிறது. கேள்விகள் எல்லா நாட்டிலும் ஒரே மாதிரிக் குழுவாகச் சேர்கின்றனவா என்பது முதல் படி. ஒவ்வொரு கேள்வியும் அந்தக் கருத்தோடு ஒரே பலத்தில் இணைந்திருக்கிறதா என்பது இரண்டாம் படி. ஒரே அளவு உறுதி உள்ளவர்கள் எல்லா நாட்டிலும் ஒரே மதிப்பெண் போடுகிறார்களா, அதாவது தொடக்கப் புள்ளியும் ஒன்றா என்பது மூன்றாம் படி. ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குப் போகும்போது, கணக்கு மாதிரி பதில்களோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று காட்டும் பொருத்தக் குறியீடு 0.01-க்கு மேல் இறங்கினால் நின்றுவிட வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் வரம்பு. இரண்டாம் படி தாண்டினால், எது எதோடு தொடர்புடையது என்பதை நாடுகளுக்கிடையே ஒப்பிடலாம். மூன்றாம் படி தாண்டாமல் சராசரிகளை வரிசைப்படுத்தக் கூடாது. பத்திரிகைக்கு வரும் தரவரிசைகள் எல்லாம் சராசரிகள்தான் என்பதை நினைவில் வையுங்கள். இன்னொன்று, 6 நாடுகளை வைத்துக்கொண்டு பண்பாட்டின் விளைவை அளந்துவிட்டோம் என்று யாராவது சொன்னால், எத்தனை ஆயிரம் பேரிடம் கேட்டிருந்தாலும் பண்பாடு என்ற கேள்விக்கு அங்கே இருப்பது 6 மாதிரிகள் மட்டுமே.

இப்போது எண்ணத்துக்கும் செயலுக்கும் நடுவிலுள்ள அந்தப் பள்ளத்துக்கு வருவோம். பல வகை நடத்தைகளைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்த உளவியலாளர் பாஸ்கல் ஷீரன், எண்ணம் நடத்தையின் வேறுபாட்டில் சராசரியாக 28 சதவீதத்தைத்தான் விளக்குகிறது என்று 2002-ல் காட்டினார். ஆகவே ‘நம்மால் முடியும்’ என்று மேடையில் முழங்கி எண்ணத்தை மட்டும் ஏற்றிவிடுவது அரைவேலை. சில சமயம் எண்ணம் இறங்குவதுகூட நல்லது. நெதர்லாந்தில் மாணவர்கள் சிறு நிறுவனம் நடத்திப் பார்க்கும் திட்டத்தை 2010-ல் மதிப்பிட்டபோது, முடிவில் தொழில் தொடங்கும் எண்ணம் குறைந்திருந்தது. இதைத் திட்டத்தின் தோல்வி என்று சொல்லத் தோன்றும். இது தனக்கு ஒத்துவராது என்று கடன் வாங்கும் முன்பே ஒருவர் தெரிந்துகொண்டால் அதைவிடப் பெரிய உதவி எது?

பயிற்சியில் எது பலிக்கிறது என்பதற்கு நல்ல சோதனைகள் இருக்கின்றன. டோகோ நாட்டின் லோமே நகரில் 1,500 சிறுதொழில்களைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். கணக்கு, சந்தைப்படுத்தல், நிதி என்ற வழக்கமான பாடம் ஒரு குழுவுக்கு. தானாக முன்வருவது, வாய்ப்பைத் தேடுவது, தடையைத் தாண்டிவிட்டு மேலே போவது என்ற மனப்பயிற்சி இன்னொரு குழுவுக்கு. 2017-ல் வெளியான முடிவின்படி, இரண்டாம் குழுவின் லாபம் 30 சதவீதம் கூடியது. முதல் குழுவில் 11 சதவீத உயர்வு இருந்தாலும் அது புள்ளியியல்படி உறுதியாகவில்லை. அகமதாபாத்தில் சேவா வங்கியின் பெண் வாடிக்கையாளர்களுக்கு 2 நாள் பயிற்சி தந்து, சிலரைத் தோழியோடு வரச் சொன்னார்கள். தோழியோடு வந்தவர்களே பிற்பாடு தொழிலுக்குக் கடன் எடுப்பதில் முன்னால் நின்றார்கள். கட்டுப்பாடு அதிகமுள்ள சமூகப் பின்னணியிலிருந்து வந்த பெண்களிடம் பலன் கூடுதலாக இருந்தது. பண்பாட்டை மாற்ற யாரும் முயலவில்லை. கூட ஒரு நாற்காலி போட்டார்கள், அவ்வளவுதான்.

பெரியவர்களுக்கான பயிற்சியில் நாங்கள் வலியுறுத்துவது மூன்று. ஒன்று, முதல் வாரத்திலேயே பணம் கொடுக்கும் ஒரு வாடிக்கையாளருக்கு, எவ்வளவு சிறியதானாலும் ஒரு பொருளையோ சேவையையோ விற்க வைப்பது. தன்னால் முடியும் என்ற நம்பிக்கைக்குச் சொந்த அனுபவம்தான் முதன்மையான ஊற்று என்று உளவியலாளர் பண்டூரா 1977-லேயே சொல்லிவிட்டார். தன்னைப் போன்ற நிலையிலிருந்து வந்த ஒருவரை அருகில் பார்ப்பது அடுத்தது. கோடீஸ்வரரை மேடையேற்றினால் கைதட்டல் கிடைக்கும், நம்பிக்கை கிடைக்காது, ஏனென்றால் கேட்பவர் தன்னை அவரோடு ஒப்பிடுவதே இல்லை.

இரண்டாவது, எண்ணத்தை நேரமும் இடமும் உள்ள வாக்கியமாக எழுத வைப்பது. ‘விரைவில் விசாரிக்க வேண்டும்’ என்று எழுதியது அப்படியே கிடக்கும். ‘செவ்வாய்க்கிழமை காலை 10 மணிக்கு, வாங்கக்கூடிய 3 பேரைத் தொலைபேசியில் அழைத்து, இப்போது யாரிடம் என்ன விலைக்கு வாங்குகிறார்கள் என்று கேட்பேன், எடுக்காவிட்டால் மதியம் 2 மணிக்கு மறுபடி அழைப்பேன்’ என்று எழுதியது நடக்கிறது. இப்படி நடந்தால் அப்படிச் செய்வேன் என்ற வடிவம் ஏன் வேலை செய்கிறது என்பதை உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999-ல் விளக்கியிருக்கிறார். நேரம் வந்ததும் செயல் தானாக நினைவுக்கு வருகிறது, மறுபடி யோசிக்க இடமிருப்பதில்லை.

மூன்றாவது, வீட்டில் ஒரு தாளில் மூன்று எண்களை எழுதிக் கையெழுத்திடுவது. எத்தனை மாத வீட்டுச் செலவை ஒதுக்கி, அதைத் தொடமாட்டோம் என்பது. அதிகபட்சம் எவ்வளவு பணம் போனால் நிறுத்துவோம் என்பது. எத்தனை மாதத்தில், என்ன வருமானம் வராவிட்டால் வேலைக்குத் திரும்புவோம் என்பது. வாழ்க்கைத்துணை இல்லாத இடத்தில் நிரப்பிய தாள் செல்லாது. ‘ரிஸ்க் எடுக்க வீட்டில் விடமாட்டார்கள்’ என்று வருபவர்களில் பலருக்கு, வீட்டார் அஞ்சுவது எல்லையில்லாத நஷ்டத்தைத்தான். எல்லை தெரிந்தால் பேச்சு வேறு மாதிரி நடக்கிறது.

ஆசிரியர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை நாடுகளின் தரவரிசையை வெளியிடும்போது, கேட்கப்பட்ட கேள்வியை முழுதாகவும், கேட்கப்பட்டவர்களின் வயதையும், யாரெல்லாம் கணக்கில் விடப்பட்டார்கள் என்பதையும் சேர்த்து அச்சிடுங்கள். தொடங்குவேன் என்றவர்களில் எத்தனை பேர் ஒரு வருடம் கழித்துத் தொடங்கினார்கள் என்ற எண் இருந்தால் அதை முதல் வரியில் போடுங்கள். அந்த எண் இல்லையென்றால், இல்லை என்று அந்த இடத்திலேயே எழுதுங்கள்.

இப்படிக்கு,
தொழில்முனைவு ஆய்வு, பயிற்சிப் பணிகளில் உள்ள ஆசிரியர்கள் சிலர்